ரேகை தேய்ந்த கைக்கு என்ன பதில்?

2025 மார்ச் மாதம். எங்கள் பக்கத்தில் நவரை நெல் கதிர் வாங்கி நின்ற நேரம். ஊராட்சி அலுவலக வாசலில் இரண்டு மேசை போட்டு, விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதியும் முகாம் நடந்தது. ஆதார் அட்டை, ஆதாரோடு இணைத்த செல்போன், பட்டா நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி முந்தின நாளே தெருத்தெருவாக அறிவித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்கு முன்னால் நின்ற ஆயாவுக்கு முடியவில்லை. எழுபது சென்ட் நஞ்சை அவருக்கு. ஓடிபி போகும் நம்பர் சின்ன மகனுடையது. அவன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்டுக்குள் போனால் போன் லாக்கரில். சரி, விரல் ரேகை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பத்து விரலும் வைத்தாகிவிட்டது. கருவி ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான் காட்டியது.

"கைய நல்லா கழுவிட்டு வா ஆயா" என்றான் அந்தப் பையன்.

"இன்னா நைனா, நாப்பது வருசமா நாத்து நட்ட கை. சேறு ரேகைய தின்னுட்ச்சி. கழுவுனா வந்துடுமா?"

மூன்றாவதாக இன்னொன்றும் வந்தது. பட்டா இன்னும் இறந்துபோன அவர் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கிறது. "அது தாலுகா ஆபீஸ்ல மாத்தணும் ஆயா, இங்க ஒண்ணும் பண்ண முடியாது." ஆயா என் பக்கம் திரும்பினார். "மேனேஜர் சாரு, நீயாவது சொல்லேன். நான் பயிரு வைக்கிறவதானேன்னு சொல்லு."

சொன்னேன். பையன் பாவம், அவன் என்ன செய்வான்? "சார், எனக்கும் தெரியுது. சிஸ்டம் எடுக்கலயே" என்றான்.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தபோது, வாரத்துக்கு இத்தனை கணக்கு என்று இலக்கு வைத்துத் திறந்தோம். பிறகு அந்தக் கணக்குகளில் ஆதாரைச் சேர்க்க இன்னொரு இலக்கு. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற எத்தனையோ பேரிடம் "சிஸ்டம் எடுக்கலமா, அடுத்த வாரம் வாங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வருவதற்கு அவர்கள் ஒரு நாள் கூலியை விடவேண்டும் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. இன்று வரிசையில் நிற்கும்போதுதான் ஏறுகிறது. அதனால் இதை அடுத்தவன் மேல் பழி போட எழுதவில்லை. நானும் பங்காளிதான்.

என்ன இந்தத் திட்டம்?

மத்திய அரசு 2024 செப்டம்பர் 2 அன்று டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,817 கோடி ரூபாய். அதன் முதுகெலும்பு அக்ரிஸ்டாக். அதில் மூன்று பதிவேடுகள்: விவசாயி யார் என்பது ஒன்று, அவர் நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது இரண்டு, அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர் என்பது மூன்று. 11 கோடி விவசாயிகளுக்கு எண் கொடுப்பது இலக்கு. பிஎம் கிசான் பணம், பயிர்க்கடன், காப்பீடு, மானியம் எல்லாவற்றையும் இந்த ஒரு எண்ணில் கட்டப் போகிறார்கள்.

பயன் இல்லாமல் இல்லை. கடன் கேட்டு வரும் விவசாயி சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவதை மேசைக்கு மறுபக்கம் இருந்து பார்த்தவன் நான். எல்லாம் ஓர் இடத்தில் இருந்தால் நல்லதுதான். புயல், வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் யார் எதைப் பயிரிட்டார்கள் என்ற கணக்கு சரியாக இருந்தால் நிவாரணமும் சரியாகப் போகும். கொசஸ்தலையும் ஆரணியாறும் பெருகி ஓடும் எங்கள் ஊர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பதிவேட்டில் யார் இருப்பார்கள், யார் விடுபடுவார்கள் என்பதுதான் என் கேள்வி. பதிவு பட்டாவிலிருந்து தொடங்குகிறது. பட்டா இருப்பவர் விவசாயி. குத்தகைக்கு எடுத்தவர், வாரத்துக்குப் பயிர் வைப்பவர், கோயில் நிலத்தில் தலைமுறையாக உழுபவர், கூட்டுப் பட்டாவில் பத்தில் ஒரு பெயராக இருப்பவர், புருஷன் பெயரில் பட்டா இருக்கும் பெண் எல்லாரும் வெளியே. திருவள்ளூர் மாவட்டத்தில் இது இன்னும் மோசம். சிப்காட் வந்த பிறகு நிலம் வாங்கிப் போட்டுவிட்டு சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. கம்பி வேலி போட்ட அந்த நிலத்தின் சொந்தக்காரர் பதிவேட்டில் விவசாயி ஆகிவிடுவார். பக்கத்துக் கழனியில் குத்தகைக்கு நடவு நட்டவர் யாரும் இல்லாதவர் ஆகிவிடுவார்.

மூன்றாவது பதிவேடான பயிர்க் கணக்கு எப்படி நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர் சர்வேயை எடுக்க கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்ததால், வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். படிக்க வந்த பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சேற்றிலும் முள்ளிலும் சர்வே எண்ணைத் தேடி அலைந்தார்கள். என் வயலைப் போல நெல், வரப்பில் உளுந்து, மூலையில் அகத்தி, நடுவில் பசுந்தாள் உரம் என்று கலந்து கிடந்தால் அந்தப் பிள்ளை எதைக் குறிக்கும்? இயற்கை விவசாயியின் வயல் ஒரே சொல்லில் அடங்காது. அடங்காததைக் கணக்கில் விட்டுவிட்டால், கணக்கை நம்பிப் போடும் திட்டத்திலும் நாம் இருக்கமாட்டோம்.

ஓட்டை எங்கே இருந்தது?

இத்தனை சோதனையும் போலிகளைத் தடுக்கத்தான் என்கிறார்கள். அப்படியானால் 2020-ல் நம் மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். பிஎம் கிசானில் தகுதி இல்லாத ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டது என்று அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் வெளிவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்கள். சிபிசிஐடி விசாரித்தது. எப்படி நடந்தது? அதிகாரிகளின் லாகின் பெயரும் பாஸ்வேர்டும் தரகர் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயின. அங்கே உட்கார்ந்து இரவோடு இரவாக ஆயிரக்கணக்கில் பெயர் ஏற்றினார்கள்.

வங்கியில் எங்களுக்கு ஆடிட் வரும். பணம் குறைந்தால் முதலில் கேஷியர் சாவியைப் பார்ப்பார்கள், வாடிக்கையாளர் பையை அல்ல. இங்கே சாவி தொலைந்தது அலுவலகத்தில். அதற்குத் தண்டனையாக ஒவ்வொரு விவசாயியும் விரலை நீட்டவேண்டும், கண்ணைக் காட்டவேண்டும், கேமரா முன்னால் தலையைத் திருப்பவேண்டும் என்றால் எந்த ஊர் நியாயம்? ஆயாவின் ரேகை 110 கோடியைத் திருடவில்லை.

மாற்று வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நம் ரேஷன் கடைகளில் ரேகை விழாவிட்டால் கருவிழி வைக்கிறார்கள். பிஎம் கிசானிலும் 2023 ஜூனில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி வந்தது. ஆனால் முகமும் கருவிழியும் எல்லோருக்கும் ஒத்துவராது. கண்ணில் புரை விழுந்தவருக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வை இல்லாதவர்களும் தொடுத்த வழக்கு அது. கண் சிமிட்டினால்தான் கணக்கு திறக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. முடியாதவர்களுக்கு வேறு வழி வைக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. கண்ணுக்குச் சொன்ன நியாயம் ரேகை தேய்ந்த விரலுக்கும் பொருந்தும்தானே?

45 கிலோமீட்டரில் ஒரு வறட்சி

கடலுக்கு அடியில் உலகத்தைச் சுற்றிவரும் இன்டர்நெட் கேபிள்கள் சென்னையில் கரை ஏறுகின்றன. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 45 கிலோமீட்டர். உலகமெல்லாம் விற்கும் ஐபோனைப் பக்கத்து மாவட்டத்தில் சுங்குவார்சத்திரத்தில் செய்கிறார்கள். எங்கள் கழனியில் நின்றால் சிப்காட் புகைபோக்கி தெரியும், போனில் கோடு தெரியாது. பம்ப்செட் கொட்டகை மேல் ஏறினால் ஒரு கோடு வரும்.

மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுசேர்க்கும் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கேபிள் ஊராட்சி அலுவலகப் பூட்டிய அறைக்கு வருவதும், ஆயா கைக்கு இணையம் வருவதும் ஒன்றல்ல. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலியில் நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்யச் சொன்னார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் காலையில் மண் வெட்டிய பெண்கள், மத்தியானப் போட்டோவுக்காக வெயிலில் காத்திருந்ததை நான் பார்த்தேன். வேலை முடிந்துவிட்டது, ஆனால் போட்டோ ஏறவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். 2021 ஜனவரி 26 டிராக்டர் பேரணிக்குப் பிறகு சிங்கு, திக்ரி, காசிப்பூர் எல்லைகளில் போராடிய விவசாயிகளுக்கும் அதே கதி. ஆலையை எதிர்த்துப் பேசும் ஊர், சட்டத்தை எதிர்த்துப் பேசும் உழவர், இருவருக்கும் முதலில் அறுபடுவது இதுதான். காலவரையின்றி இணையத்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உத்தரவை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் சொன்னது. எல்லா வேலையையும் இணையத்தில் போட்டுவிட்டு இணையத்தை நிறுத்தினால், தாலுகா ஆபீஸ், பேங்க், ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டுப் போட்ட மாதிரி. ஆலைகள் சூழ்ந்த எங்கள் பகுதிக்காரர்கள் இதை மறக்கக்கூடாது.

விதைக்கும் தகவலுக்கும் ஒரே கேள்வி

எண் பதிந்த சில வாரத்தில் எனக்கு ஒரு போன். "சார், உங்க நிலம் ரோட்டுக்கு உள்ளவா, ரோட்டு மேலயா? பார்ட்டி ரெடியா இருக்கு." யார் என்று கேட்டால் பெயர் சொல்லவில்லை. ஆனால் என் சர்வே எண்ணைச் சரியாகச் சொன்னார். பட்டாவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், அது பொது ஆவணம். அதில் என் போன் நம்பர் கிடையாது. சர்வே எண்ணையும் போன் நம்பரையும் யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். முகாமிலிருந்து போனது என்று குற்றம் சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. நம் தகவல் எத்தனை கை மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதுதான் என் குறை.

தொழிற்பேட்டை ஓரத்தில் வாழ்பவனுக்கு இது வெறும் தொல்லை போன் இல்லை. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போனதை எதிர்த்து மக்கள் போராடியது நமக்குத் தெரியும். யார் நிலம் எவ்வளவு, யாருக்குக் கடன் எவ்வளவு, எந்தப் பருவம் யார் பயிர் பொய்த்தது என்பதெல்லாம் ஒரே திரையில் தெரிந்தால், நிலம் வாங்க வருகிறவனுக்கு யார் கதவை முதலில் தட்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கம்பெனிகளுக்கும் இதில் கண் இருக்கிறது. 2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம் ஆறு மாநிலங்களில் 100 கிராமங்களில் சோதனை நடத்த மைக்ரோசாப்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. விவசாயிகளைக் கேட்காமல் அவர்கள் தகவலைத் தனியாருக்குத் திறப்பதா என்று அப்போதே 55 அமைப்புகள் சேர்ந்து கடிதம் எழுதின. என் மண்ணில் என்ன குறை, என் பயிரில் என்ன பூச்சி என்று எனக்கு முன்னால் பூச்சிமருந்துக் கம்பெனிக்குத் தெரிந்தால், வரும் ஆலோசனை என்னவாக இருக்கும்? வேப்பங்கொட்டைக் கரைசல் தெளி என்று எந்தக் கம்பெனியும் மெசேஜ் அனுப்பாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அதில் கொஞ்சம் பல் இருக்கிறது. ஆனால் மானியம், பயன், சான்றிதழ் கொடுப்பதற்காக அரசு நம் தகவலைக் கையாள வேண்டுமென்றால், புதிதாகச் சம்மதம் கேட்காமலே செய்ய அந்தச் சட்டம் வழி விட்டிருக்கிறது. விவசாயியின் தகவல் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

நெல் ஜெயராமன் அய்யா திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்துவந்தார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். கையெழுத்து, ஓடிபி எதுவும் கிடையாது. ஆனால் கணக்கு தெளிவு. எடுத்தவர் யார், திருப்ப வேண்டியது எவ்வளவு, அது யாருக்குப் போய்ச்சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். நம் தகவலை எடுப்பவர்களிடமும் அதையே கேட்கிறேன். இரண்டு கிலோ எடுத்துக்கொள்கிறீர்கள், சரி. திருப்பித் தரும் நான்கு கிலோ எங்கே?

எதிர்க்கவில்லை, கேட்கிறேன்

தொழில்நுட்பமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். என் கருப்பு கவுனியும் கடலை எண்ணெயும் சென்னையில் விற்பது வாட்ஸ்அப் குழுவால்தான். பணம் வருவது யுபிஐ-யில்தான். உழவன் செயலியில் வானிலை பார்க்கிறேன். விருப்பப்பட்டு நான் எடுத்துக்கொண்டவை இவை. பிடிக்காவிட்டால் நாளைக்கே விட்டுவிடலாம். விவசாயி எண் அப்படி இல்லை. அது இல்லாவிட்டால் நான் விவசாயியே இல்லை என்கிறார்கள். அவ்வளவு பெரிய கதவு என்றால் அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும்.

1. ரேகை, ஓடிபி, முகம் மூன்றும் கைவிட்டால், கிராம நிர்வாக அலுவலரோ வேளாண் அலுவலரோ நேரில் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்ற காகித வழி கட்டாயம் இருக்கவேண்டும்.

2. குத்தகைதாரர், வாரதாரர், கோயில் நில உழவர், பெண் உழவர் ஆகியோரை, உண்மையில் பயிர் வைப்பவர் என்ற முறையில் கிராம சபை சான்றோடு பதியவேண்டும்.

3. என் தகவலை எந்தத் துறை, எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் பார்த்தது என்பது வங்கி பாஸ்புக் போல எனக்குத் தமிழில் தெரியவேண்டும்.

4. நிலத்தகவலும் கடன்தகவலும் தனியாருக்குப் போகக்கூடாது. போனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கவேண்டும்.

5. ஒரு தவணை நின்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். "சிஸ்டம் எடுக்கல" என்பது காரணம் ஆகாது.

இதெல்லாம் வரும்வரை நம்மால் முடிந்ததையும் செய்துகொள்வோம். ஆதார் ரேகையை எம்ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். 2018-ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து சிம் கார்டு மோசடி செய்த சம்பவம் நடந்தது. அதனால் இது வெறும் பயம் இல்லை. பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்து, வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நட்டம் உங்களுடையதல்ல என்பது 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில்தான். கவுன்டரில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நானும் அன்று சொன்னதில்லை.

ஆயா விஷயம் என்னவாயிற்று? வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். நாலைந்து முறை தாலுகா ஆபீசுக்குப் போய்வந்தார். மகன் ஒரு நாள் லீவு போட்டு வந்து ஓடிபி சொன்னான், அன்றைய சம்பளம் போயிற்று. இந்த முன்னேற்பாடு எல்லாம் முடிந்த பிறகு எண் வந்தது. இதற்கிடையில் அந்த நவரையை அறுத்து, சொர்ணவாரிக்கு நாற்றும் விட்டுவிட்டார். எண் வரும்வரை நிலம் காத்திருக்கவில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை நம் மாநிலத்தில் நடக்கிறது. அடுத்து வருவதில் மேலே உள்ள ஐந்தையும் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோகிறேன். எங்கள் ஊரில் எண் கிடைக்காமல் நிற்பவர்கள் பட்டியலையும் இணைக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் அந்தப் பட்டியலை எடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.